'எங்களிடம் இல்லை' என்று சொல்வதற்கு முன்

கிள்ளானிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "வரலாற்றில் பட்டம் முடித்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு கலை ஆவணக் காப்பகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்குப் படம் வரையத் தெரியாது. அங்கே நாள் முழுக்க என்னதான் வேலை? தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது பிரயோசனம் உண்டா?" இதே வேலையில் 14 வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

படம் வரையத் தெரியாதது ஒரு குறையே இல்லை. கலை ஆவணக் காப்பகம் என்றதும் சுவரெல்லாம் ஓவியம் மாட்டிய கூடம் நினைவுக்கு வரும். ஓவியம் இருக்கும் இடம் வேறு. எங்களிடம் இருப்பவை ஓவியர் எழுதிய கடிதம், ஸ்கெட்ச் புத்தகம், நெகட்டிவ், கண்காட்சி அழைப்பிதழ், விலைப்பட்டியல், பிரேம் கடை பில், பத்திரிகை வெட்டு, அறிவிக்கப்பட்டு நடக்காமலே போன கண்காட்சியின் போஸ்டர். இப்படிக் காகிதங்களுக்கென்றே தனிக் காப்பகம் வைப்பதில் அமெரிக்கர்கள் முன்னோடிகள். அங்கே 1954இல் டெட்ராய்ட்டில் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம் தொடங்கி, 1970இல் ஸ்மித்சோனியனோடு சேர்ந்தது. ஹாங்காங்கில் ஏஷியா ஆர்ட் ஆர்கைவ் 2000இல் வந்தது. நம் ஊரில் மலேசியா டிசைன் ஆர்கைவ் 2008இல் தொடங்கியது, கம்போங் அத்தாப்பில் ஜோங்ஷான் கட்டடத்தில் இருக்கிறது. வேலைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய்ப் பாருங்கள். பழைய பிஸ்கட் டின் லேபிளும் தேர்தல் போஸ்டரும் எப்படி வரலாறு ஆகிறது என்று கண்ணால் பார்த்தால், நான் இங்கே எழுதுவதில் பாதி தேவைப்படாது.

ரெஃபரன்ஸ் ஆள் என்பவர் அந்தப் பெட்டிகளுக்கும் தேடி வருபவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர். காலையில் மின்னஞ்சல், அப்புறம் படிப்பறை, நடுநடுவே தொலைபேசி. வருகிறவர்கள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர், கண்காட்சி அமைப்பவர், ஏலக் கடைக்காரர், பத்திரிகையாளர், அப்புறம் குடும்பத்தார். கடைசியாகச் சொன்னவர்கள்தான் எனக்கு எப்போதும் முக்கியம். அவர்களிடம் அடையாள அட்டை எண்ணைத் தவிர பெட்டி எண், கோப்பு எண் என்று வேறு எந்த எண்ணும் இருக்காது, ஆனால் தேடுவது கிடைத்தே ஆக வேண்டும்.

இந்த வேலையில் முதலில் புரிய வேண்டியது, வருகிறவர் தேடுவதைக் கேட்கமாட்டார், கேட்டால் கிடைக்கும் என்று நினைப்பதைத்தான் கேட்பார் என்பது. ஒரு முறை ஓர் இளைஞர் வந்தார்.

"என்ன தேடுகிறீர்கள் தம்பி?"

"மலேசிய இந்திய ஓவியர்கள் பற்றி இருக்கிறதெல்லாம் வேண்டும் அண்ணே."

இதற்கு 'எதற்காக' என்று கேட்டால் ஆள் சுருங்கிவிடுவார், விசாரணை மாதிரி ஆகிவிடும். நான் கேட்பது இதுதான்: "எது ஒன்று கிடைத்தால் இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்தது வீண் இல்லை என்று நினைப்பீர்கள்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு கைப்பேசியை எடுத்துக் காட்டினார். பிரிக்பீல்ட்ஸில் தாத்தா வைத்திருந்த கடையில் தொங்கிய ஒரு முருகன் படம். கீழ் மூலையில் இரண்டு எழுத்து, பக்கத்தில் 71. வரைந்தது யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'இருக்கிறதெல்லாம்' என்றதை நம்பி நாற்பது பெட்டியை இறக்கியிருந்தால் அவருக்கும் ஒரு நாள் போயிருக்கும், எனக்கும் போயிருக்கும்.

அந்த மூலையில் இருந்த இரண்டு எழுத்தும் தமிழ். அதே கையொப்பம் எங்கள் தொகுப்பில் ஒரு விளம்பர வரைவின் கீழே இருந்தது, ஆனால் அட்டவணையில் அதை 'அலங்காரக் குறி' என்று பதிந்து வைத்திருந்தார்கள். பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழால் என்ன பிரயோசனம் என்று கேட்டீர்களே, இது முதல் தவணை.

இரண்டாவது தவணை கொஞ்சம் கசப்பானது, என் தப்பு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஈப்போ பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ் பிடித்து வந்தார். அவருடைய அண்ணன் 60களில் கோலாலம்பூரில் ஏதோ ஒரு கூட்டுக் கண்காட்சியில் இரண்டு நீர்வண்ணப் படங்கள் வைத்திருந்தாராம். கேட்லாக் கிடைக்குமா என்றார். அண்ணன் பெயரைக் கணினியில் தட்டினேன். இல்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தட்டினேன். இல்லை. "எங்களிடம் இல்லை ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றதற்குக்கூட நிற்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஓய்வுபெற்ற ஓர் ஓவிய ஆசிரியரின் காகிதங்கள் வந்தன. அதில் ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்த நான்கு பக்கக் கேட்லாக். இரண்டு நீர்வண்ணம், தலைப்புகூட அவர் சொன்னதேதான். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் நம்மவர் பெயர்கள், இன்னாருடைய மகன் என்பதற்கு 'எஸ்/ஓ' போட்டு எழுதப்பட்டன, இப்போது மகனுக்கு 'அ/ல்', மகளுக்கு 'அ/பெ'. தட்டச்சு செய்தவர் வெள்ளைக்காரர் வழக்கப்படி கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, முருகன் அ/ல் சுப்பையா என்பவரை 'சுப்பையா, எம்.' ஆக்கிவிடுவார். வரைந்தது மகன், அட்டவணையில் இருப்பது அப்பா. தேடுகிற குடும்பம் மகன் பெயரைத்தானே சொல்லும்?

பெரியவர் எழுதிவைத்துப் போன சீட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. அழைத்தேன், எண் புழக்கத்தில் இல்லை. சீட்டில் முகவரி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை. அதற்கப்புறம் நான் 'இல்லை' என்று மட்டும் யாருக்கும் எழுதியதில்லை. இன்னின்ன தொகுப்புகளில், இன்னின்ன பெயர் வடிவங்களில், இந்தத் தேதி வரை தேடினேன், கிடைக்கவில்லை. பதியப்படாத பெட்டிகள் இத்தனை இருக்கின்றன என்று எழுதுவேன். நீளமாகத்தான் இருக்கும், சில மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். மலாயாவின் கலை வரலாற்றில் தமிழர்கள் அதிகம் இல்லை என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்களே, அதில் எவ்வளவு பங்கு உண்மையிலேயே ஆள் இல்லாததால், எவ்வளவு பங்கு அட்டவணை தப்பானதால் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

பெயர்ச் சிக்கல் நம்மவருக்கு மட்டும் என்றில்லை. பினாங்கின் முன்னோடி நீர்வண்ண ஓவியர் யோங் முன் சென் பிறந்தபோது வைத்த பெயர் யோங் யென் லாங். 1922க்கு முந்தைய காகிதத்தில் முன் சென்னைத் தேடினால் கிடைக்கமாட்டார். இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் சையத் தாஜுதீனை எடுத்துக்கொள்ளுங்கள். தாஜுதீன் என்பதை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதாது. பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். 1952இல் பீட்டர் ஹாரிஸ் கோலாலம்பூரில் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழுவில் சிவம் செல்வரத்தினம் மாதிரி நம் பெண்களும் இருந்தார்கள். அவரைப் போல் பெயர் நிலைத்தவர்களைத் தேடுவது சுலபம். ஒரே ஒரு கண்காட்சியோடு நின்றுவிட்டவர்களை இரண்டு பெயரிலும் தேட வேண்டும். அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் கலைஞர் பெயர்ப் பட்டியல் ஒருவருடைய எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே எண்ணின் கீழ் கட்டுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஆட்கள் அதில் சொற்பம், ஆகவே நம் பட்டியலை நாமே கட்ட வேண்டும்.

அடுத்து, தேதி. பாதிக் காகிதங்களில் வருடம் இருக்காது. 'வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு' என்று மட்டும் போட்டிருப்பார்கள், எந்தச் சனிக்கிழமை என்பது உங்கள் தலைவலி. இங்கேதான் வரலாற்றுப் பட்டம் கை கொடுக்கும். மலாய் எழுத்துமுறை 1972இல் மாறியது. கடைப் பெயரில் 'ச' ஒலிக்கு c மட்டும் போடாமல் ch என்று இரண்டு எழுத்து போட்டுப் பழைய முறையில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. முகவரியில் பத்து ரோடு என்றிருந்தால், அந்தச் சாலை துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயருக்கு மாறுவதற்கு முந்தையது. விலைப்பட்டியலில் பழைய டாலர் குறியா, ரிங்கிட்டைக் குறிக்கும் ஆர்.எம். என்றா என்று பாருங்கள். திறப்பு விழாப் புகைப்படத்தில் கட்டடத்தைப் பாருங்கள். தேசியக் கலைக்கூடம் 1958இல் ஜாலான் அம்பாங்கில் திறந்தது, 1984இல் பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்குப் போனது, 1998இல் ஜாலான் தெமெர்லோவில் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. பின்னால் மெஜஸ்டிக்கின் தூண் தெரிந்தால் ஒரு 14 வருடத்துக்குள் சுருக்கிவிட்டீர்கள்.

தமிழ் அழைப்பிதழாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, நான் ரசித்துச் செய்வது. 'லை', 'னை', 'ணை' எழுத்துகளைப் பாருங்கள். தும்பிக்கை வைத்த பழைய வடிவமா, தனிக் கொம்பு போட்ட புதியதா? தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல், நம் ஊர் அச்சகங்கள் அதற்கப்புறம் மெல்ல மாறின. புதிய வடிவம் இருந்தால் அது 60களின் காகிதமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, சீர்திருத்தத்தை முன்கூட்டியே கையாண்ட பெரியார் இயக்கத்தார் பத்திரிகைகளைத் தவிர. பழைய வடிவம் இருந்தால் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஈய எழுத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் லேசில் தூக்கிப் போடமாட்டார், கல்யாணப் பத்திரிகைக்கும் கண்காட்சிக்கும் அதே எழுத்துதான் ஓடும்.

பத்திரிகைகளும் உங்கள் வேலைக் கருவிதான். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது, அந்தக் காலத்து மலாயாச் செய்தியும் அதில் உண்டு. ஆனால் தமிழ்ச் சொல் போட்டுத் தேடினால் பழைய அச்சைக் கணினி ஒழுங்காகப் படிப்பதில்லை. தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கண்காட்சிச் செய்தி கலைப் பக்கத்தில் இருக்காது, கலைப் பக்கம் என்றே ஒன்று இருக்காது. சங்கச் செய்திகளுக்கு நடுவில், கோயில் திருவிழா அறிவிப்புக்குக் கீழே இருக்கும். மலேசியாவில் அச்சாகும் நூல்களை ஐந்து பிரதி தேசிய நூலகத்தில் கொடுக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, ஆகவே பெரிய கேட்லாக் அங்கே கிடைக்கும். அழைப்பிதழும் துண்டுப் பிரசுரமும் அந்த வலையில் மாட்டுவதில்லை. அவை யாராவது வீட்டு அலமாரியில் செய்தித்தாள் விரித்த தட்டுக்குக் கீழேதான் கிடக்கும்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தால் நடுவர் ஆகாதீர்கள். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்தேக் ஓவியத்தைக் கலையாக நிலைநிறுத்திய பினாங்கு சுவா தியான் தெங் பிறந்தது 1912 என்று சிலவற்றில் இருக்கிறது, 1914 என்று சிலவற்றில் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டையும் கொடுத்து, எது எங்கே அச்சாகியிருக்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். முடிவு அவருடையது.

அதேபோல் விலையும் சொல்லக் கூடாது, அசலா போலியா என்றும் சொல்லக் கூடாது. வருடத்துக்குச் சில தடவையாவது யாராவது சுருட்டிய படத்தை பட்டுத் துணியில் பொதிந்து கொண்டுவருவார்கள். ரவிவர்மா கையால் வரைந்தது, கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சுப் புள்ளி தெரியும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகமே போட்டுக் கல்லச்சில் எடுத்துத் தள்ளியவர். பல சமயம் அதுகூட இல்லை, கோவில்பட்டி கொண்டையா ராஜு வழியில் வந்த சிவகாசிக் காலண்டர் படம். இதைச் சொல்லும் விதம் இருக்கிறது. "இது அச்சுப்படம், இந்த மாதிரிப் படங்கள் எப்படி இங்கே வந்தன என்பதற்கே ஒரு வரலாறு உண்டு, எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்று ஞாபகம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டால் முகம் வாடாது. சில நேரம் அந்த ஞாபகம் படத்தைவிட நமக்குப் பெரிய பொருள், உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்பறை விதிகள் உங்களுக்குக் கெடுபிடியாகத் தெரியலாம். பை வெளியே, பேனா கிடையாது, பென்சில்தான், ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, எடுத்த வரிசையிலேயே திருப்பி வைக்க வேண்டும். திருட்டுக்காக மட்டும் இல்லை இது. லண்டனில் ஜான் டுரூ என்பவர் கண்ணியமான ஆய்வாளர் வேஷத்தில் டேட் கலைக்கூடத்தின் காப்பகத்துக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் போய், காகிதத்தை எடுக்கவில்லை, உள்ளே வைத்தார். ஜான் மையட் வரைந்த போலி ஓவியங்களுக்குப் பொய்யான கைமாறல் வரலாறு தயாரித்துக் கோப்புகளில் செருகிவிட்டார். 1999இல் ஆறு வருடச் சிறை கிடைத்தது. காகிதம் கூடினாலும் ஆபத்து என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பக்கம் எண்ணித்தான் கொடுக்க வேண்டும், எண்ணித்தான் வாங்க வேண்டும். கையுறை பற்றி எல்லோரும் கேட்பார்கள். காகிதத்துக்குச் சுத்தமான, ஈரமில்லாத வெறும் கை போதும், துணிக் கையுறை போட்டால் ஓரம் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

நம் ஊர்க் காற்று தனி எதிரி. வெளியே ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டைத் தாண்டும். 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரவில் ஏர்கோன் நிறுத்துகிற இடமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள், ஏறி இறங்கும் ஈரம்தான் காகிதத்தைக் கொல்வது. பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் உள்ளே அசிட்டேட் ஃபிலிம் சிதைகிறது என்று அர்த்தம், மூடி எடுத்துக்கொண்டு நேரே பாதுகாப்புப் பிரிவுக்கு ஓடுங்கள். 80, 90களின் ஃபேக்ஸ் தாள் என்றால் அன்றைக்கே நகல் எடுங்கள், எழுத்து மங்கிக்கொண்டே போகும்.

காப்புரிமை பற்றிச் சுருக்கமாக. காகிதம் நம்மிடம் இருப்பதால் உரிமையும் நம்மிடம் இருக்கிறது என்று ஆகாது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி படைத்தவர் வாழ்நாளும், இறந்த பின் 50 வருடமும். ஓவியர்கள் யோங் முன் சென், அப்துல்லா அரிஃப் இருவரும் 1962இல் இறந்தவர்கள், அவர்கள் இருந்தபோது வெளியான படைப்புகளுக்கு 2012 முடிவோடு காலம் முடிந்தது. சுவா தியான் தெங் 2008இல் இறந்தார், ஆகவே 2058 முடியும்வரை குடும்பத்தைக் கேட்க வேண்டும். பத்திரிகைக்காரர் நாளை காலைக்குள் படம் வேண்டும் என்று நெருக்குவார். நெருக்கட்டும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். அரசாங்க இடங்கள் பரவாயில்லை. தனியார் சிறு காப்பகங்களில் மானியம் இருக்கும்வரைதான் வேலை, ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிப்பைப் பொறுத்தவரை, ஆவண நிர்வாகத்தில் இளங்கலை என்றால் யூ.ஐ.டி.எம். எனப்படும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்தான் பெயர் பெற்றது, பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கு மட்டும் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இல்லை. வரலாற்றுப் பட்டத்தோடு வேலையில் சேர்ந்து, பின்னால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் முதுகலை செய்வதுதான் நம்மில் பலர் போன வழி. மலாய் நன்றாக இருக்க வேண்டும், அரபு எழுத்தில் மலாயை எழுதும் ஜாவியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் மற்றவர்களைத் தாண்டி நிற்பீர்கள். மாண்டரின் ஆளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்கள் அவருக்குத் தமிழ் படித்துக்கொடுங்கள், அவர் உங்களுக்குச் சீனம் படித்துக்கொடுப்பார். நான் அப்படிப் படித்துக்கொடுத்ததற்குக் கைம்மாறாகத்தான் மதியச் சாப்பாட்டை மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பாதி நாள் ஓசியில் முடித்தேன்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு பழைய அழைப்பிதழையோ புகைப்படத்தையோ கையில் கொடுத்து இதிலிருந்து என்ன சொல்ல முடியும் என்று கேட்பார்கள். கை கழுவிக்கொள்ளலாமா என்று முதலில் கேளுங்கள். படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடாதீர்கள், திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அச்சகத்தின் பெயரோ ஸ்டூடியோ முத்திரையோ, பென்சிலில் யாரோ கிறுக்கிய விலையோ அங்கேதான் இருக்கும்.